துவைக்காத சட்டை

டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? "நல்லா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் விவரமாக எழுது.

நீ அனுப்பிய மூன்று சட்டைகளையும் இடுப்பில் பிடித்துத் தைத்து இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். தோளைப் பிரித்து விடு என்கிறாய், இடுப்பைப் பிடி என்கிறாய். நான் தைப்பது சட்டையா புனலா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே மடித்த துணியை வெட்டவில்லை. என்றைக்காவது உனக்குப் புத்தி வந்து வயிறாரச் சாப்பிட்டால் பிரித்து விடலாம்.

மாமா லாரியோடு கிளம்பினால் வீட்டிலிருக்கும் ஒரே போனும் கிளம்பிவிடுகிறது. இருந்தாலும் பிரயோஜனமில்லை. தறிக்கூடத்தில் கெட்டுப்போன என் காதுக்கு நீ போனில் பேசுவது வண்டு குடைகிற மாதிரிதான் கேட்கிறது. பழையபடி சட்டைப் பையில் கடிதம் வை.

உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளை, உடம்பைப் பார்த்து நீங்கள் 'பீரோ' என்று கூப்பிடுகிறவன், அவனை நான் விசாரித்ததாகச் சொல். அவன் போன தடவை வந்து உட்கார்ந்து உடைத்த ஸ்டூலை இன்னும் ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதையும் சொல்.

அன்புடன்,
அக்கா


டிசம்பர் 21

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமா லாரியில் தூங்காமல் ஓட்டுகிறாரா?

விவரமாக எழுதச் சொன்னாய். காலையில் ஜிம்மைப் பெருக்கித் துடைக்கிறேன். இரும்பையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து அடுக்குகிறேன். பிறகு காரில் வருகிறவர்களுக்குப் பயிற்சி. அவர்கள் எடையைத் தூக்கி அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள், எடுத்து வைப்பது நான். எல்லாரும் போன பிறகு எங்கள் பயிற்சி. மாடியில் ஒரு அறை, இரண்டு பாய், ஒரு ஃபேன். பீரோ ஒருக்களித்துப் படுத்தால்தான் கதவு திறக்கும்.

மே மாதம் ஆணழகன் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரு பாதுகாப்புக் கம்பெனியில் நிரந்தர வேலை, பெரிய மனிதர்களின் பக்கத்தில் நிற்கிற வேலை. வேடிக்கையைப் பார், காக்கப்படுகிறவன் வயிறு தள்ளியிருக்கலாம், காக்கிறவன் வயிறு ஒட்டியிருக்க வேண்டும்.

எனக்கு அடிவயிற்றுச் சதை மட்டும் கரையவே மாட்டேன் என்கிறது. ஜிம் மாஸ்டர் புதிதாக ஒரு மாத்திரை தருகிறார். உட்கார்ந்திருந்தாலும் உள்ளுக்குள் கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்குமாம். "எல்லாருக்கும் தர்ற சரக்கு இல்ல, வெளிய வாய விடாத" என்கிறார். நீ வெளி இல்லையே, அதனால் எழுதுகிறேன். பீரோ இரண்டு வாரமாகப் போடுகிறான். தோலுக்கடியில் நரம்பு கோடு கோடாகத் தெரிகிறது. "ஸ்டூல உடைச்சவன் இனிமே ஸ்டூல் மாதிரி ஆகப்போறேன்னு அக்காகிட்ட சொல்லு" என்றான்.

நானும் ஆரம்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி


ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம், முழங்காலைத் தவிர.

சட்டைகள் வந்தன. இடுப்பு மறுபடி இரண்டு விரல் தளர்வு! காலரிலும் அக்குளிலும் மஞ்சளாக ஏதோ கறை. சோப்புப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன், மண்ணெண்ணெயும் பார்த்துவிட்டேன், போகவில்லை. மேடைக்குப் பூசுவீர்களே ஒரு சாயம், அதுதானே? பூசிக்கொண்டு என் தையலைத் தொடாதே.

இன்னொரு விஷயம். சிரிக்காமல் படி. போன வாரம் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை அளவெடுக்கப் போனேன். ஆபீஸில் இருக்கிற அம்மா எல்லார் முன்னாலும், "ஊருக்கெல்லாம் அளவா தைக்கிறீங்க, உங்களுக்குத் தைக்கத்தான் துணி பத்தாது போல" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர்.

நாள் முழுக்க உட்கார்ந்தே தைக்கிறேன். எடை ஏறாமல் என்ன செய்யும்? டாக்டர் "நடங்கம்மா" என்கிறார். நடந்தால் யார் தைப்பது? அவரா வந்து காஜா எடுப்பார்?

உட்கார்ந்திருந்தாலும் கொழுப்பு எரியும் என்று எழுதியிருந்தாயே, அது எனக்காகவே செய்த மாத்திரை மாதிரி இருக்கிறது. அடுத்த பார்சலில் கொஞ்சம் வைத்து அனுப்பு. மாமாவிடம் சொல்லாதே, கேலி செய்வார்.

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

பீரோ இறந்துவிட்டான். போன வாரம். வெயில் தாக்கிவிட்டது என்று சொன்னார்கள். அவன் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார். அவன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். கதவு இப்போது முழுசாகத் திறக்கிறது.

சட்டை இரண்டு அனுப்பியிருக்கிறேன். இடுப்பு பிடிக்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒட்டுப்போட்ட ஸ்டூல் எதிரிலேயே இருக்கிறது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத பிள்ளை. என்னை "அக்கா அக்கா" என்று கூப்பிட்டு, உடைத்ததற்குப் பதில் மெஷினைத் தூக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வைத்துக் கொடுத்தான். அவன் அம்மா எப்படித் தாங்குகிறாரோ. விலாசம் இருந்தால் அனுப்பு, நாலு வார்த்தை எழுதுகிறேன்.

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? உன் எழுத்தைப் பார்த்தால் ஓடுகிற லாரியில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கிறது. கை நடுங்குகிறதா? ஒரு வாரம் இங்கே வந்து இருந்துவிட்டுப் போயேன்.

இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் நான் கேட்டதற்கு நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மறந்துவிட்டாயா? மூட்டு வீங்கி, பெடலை மிதிக்கக் கால் மாற்றி மாற்றிப் போடுகிறேன். கொஞ்சம் அனுப்பினால் போதும்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

அந்த மாத்திரை இப்போது கிடைப்பதில்லை. அதோடு அது ஆண்களுக்குத்தான். அதோடு அது தினமும் எடை தூக்குகிறவர்களுக்குத்தான், தைக்கிறவர்களுக்கு இல்லை. உனக்கு எதற்கு இதெல்லாம்? நீ இருக்கிறபடியே இரு. அந்த ஆபீஸ் அம்மாளுக்குப் பாவாடை தைத்தால் இடுப்பை இறுக்கிப் பிடித்துத் தை, மூச்சு முட்டட்டும்.

எனக்குக் கை நடுங்கவில்லை. இங்கே வெக்கை அதிகம், அவ்வளவுதான். தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் படுக்கிறேன்.

போட்டிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. அதுவரை பொறுத்தால் போதும். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன்.

மாத்திரையைப் பற்றி இனிமேல் எழுதாதே.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

நாங்கள் நலம்தான். நீ?

கிடைப்பதில்லை, ஆண்களுக்குத்தான், தைக்கிறவர்களுக்கு இல்லை. ஒரே மூச்சில் மூன்று காரணம். ஒரு காரணம் உண்மையாக இருந்தால் மற்ற இரண்டு எதற்குடா? சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாத அன்றைக்கும் இப்படித்தான், வயிற்று வலி, லீவு, வாத்தியார் வரவில்லை என்று சேர்த்தே சொல்வாய்.

எனக்குக் கோபம்தான். உன் இடுப்பு மாதாமாதம் குறைவதை ஊசி குத்திக் குத்திப் பார்க்கிறவள் நான். உனக்குக் கிடைப்பது எனக்குக் கிடைக்கக் கூடாதா? மேடையில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் உடம்பா, மெஷினில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இல்லையா?

அதனால் உன் மாஸ்டருக்கே எழுதினேன். நீ அனுப்பிய போட்டி நோட்டீசில் விலாசம் இருந்தது. உன் அக்கா என்று எழுதினேன். நாலே நாளில் ஒரு டப்பா வந்துவிட்டது. தங்கமான மனுஷன். "தம்பி நல்லா வருவான், நீங்களும் இளைச்சிடுவீங்க" என்று துண்டுச் சீட்டு வேறு. மஞ்சளாக, அழகாக இருக்கிறது மாத்திரை.

சீருடை ஆர்டர் அடுத்த ஞாயிறோடு முடிகிறது. திங்கள் காலையிலிருந்து போடப்போகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பீரோ இறந்த வாரம் மாமா உங்கள் ஊரில்தான் சரக்கோடு நின்றார். மழையில் இறக்க முடியாமல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு லாரிக்குள்ளேயே கிடந்தாராம். உங்கள் தெருவில் மட்டும் எப்படிடா வெயில் அடித்தது?

அக்கா


மார்ச் 29, பஸ் நிலையம்

அக்கா,

போடாதே. கையால்கூடத் தொடாதே.

பார்சல் நேற்றே வந்திருக்கிறது, இன்று காலையில்தான் பிரித்தேன். மாமா போனுக்கு அடித்தடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பஸ் ஏறப்போகிறேன். சாயங்காலம் உன் வாசலில் இருப்பேன். இந்தக் கடிதத்தைப் பார்சல் வண்டியில் போடுகிறேன், அது நாளைக் காலையில் உன் கைக்கு வரும். நான் வராமல் கடிதம் மட்டும் வந்தால், நான் வழியில் விழுந்துவிட்டேன் என்று அர்த்தம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வெயில் அடிக்கவில்லை அக்கா. மழைதான். பீரோ காலையிலிருந்து "உள்ள அடுப்பு எரியுதுடா, உள்ள அடுப்பு எரியுதுடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கினான், ஆனால் படுத்துத்தான் இருந்தான். மழையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். மழைத் தண்ணீர் அவன் மேல் பட்டு மஞ்சளாக ஓடியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "போனா கேள்வி கேப்பாங்க. போட்டி, ஜிம்மு, உன் வேலை, எல்லாம் போச்சு. ஐஸ் வாங்கிட்டு வா, சரியாயிடும்" என்றார் மாஸ்டர். நான் ஐஸ் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் கை கால் விறைத்துப்போய்க் கிடந்தான். தொட்டால் சுடுகிறது. செத்த பிறகும் சுட்டது.

"வெயில்னு சொல்லு" என்றார் மாஸ்டர். கேட்டவர்களிடம் வெயில் என்றேன். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏழைப் பிள்ளை எதில் செத்தான் என்று யார் நிமிர்ந்து பார்ப்பது?

அது மருந்தே இல்லை. சாயப் பட்டறையிலும் வெடிமருந்துக்கும் புழங்குகிற பொடியாம். காரில் வருகிற ஒருவன் படித்துவிட்டுச் சொன்னான். சொல்லிவிட்டு அவன் நிறுத்திவிட்டான். நான் நிறுத்தவில்லை. அவனுக்குப் போட்டி பொழுதுபோக்கு.

இன்று காலையில் உன் கடிதத்தைப் படிக்கும்போது என் கையில் இன்றைக்குப் போட வேண்டிய மாத்திரை இருந்தது. எனக்குப் பரவாயில்லை, நம்ம அக்காவுக்குக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தவுடனே எனக்கே கேட்டது நான் என்ன நினைக்கிறேன் என்று. உனக்குத் தரமாட்டேன் என்று மூன்று காரணம் எழுதியவனுக்கு இது என்னவென்று தெரியாமலா இருந்தது?

மாத்திரையைக் கழிவறையில் போட்டேன். ஆனால் நேற்றுவரை போட்டிருக்கிறேன். நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது. பஸ் வந்துவிட்டது.

போடாதே அக்கா.


ஏப்ரல் 26

என் அருமைத் தம்பிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததா? கேட்காமல் இருக்க முடியவில்லை.

நீ இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தவரை பேச வேண்டியதைப் பேசவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் சண்டை போடத்தான் வாய் வந்தது. எழுத்தில் சொல்கிறேன்.

அன்றைக்கு நீ வாசலில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "எங்கே அக்கா அது, எங்கே அக்கா அது" என்று அலமாரியை இழுத்துப் போட்டாயே, "போடலடா, நான் போடல" என்று நான் கத்தியது உன் காதில் விழவே இல்லை. எனக்குத்தான் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் போடவில்லை தெரியுமா? முந்தின நாள் சனிக்கிழமை, திங்கள்வரை பொறுமை இல்லாமல் டப்பாவைத் திறந்துவிட்டேன். புது மருந்து எதையும் பாதிதான் போடுவேன், உனக்குத் தெரியும். துணி வெட்டுகிற பலகையில் வைத்து மாத்திரையைப் பிரித்தேன். பொடி பறந்து வெள்ளைச் சீருடைத் துணியில் விழுந்தது. தட்டினேன், துடைத்தேன், சோப்புப் போட்டேன். போகவில்லை. எலுமிச்சையை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. இதே மஞ்சளைத்தானே உன் காலரில் மாதக்கணக்காகத் தேய்த்தேன்! மேடைச் சாயம் என்று நினைத்தேனே. மேலே பூசியது இல்லை, உனக்குள்ளிருந்து வந்தது.

அன்றைக்கே உனக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நீ கிளம்பிய பிறகு வந்து உன் அறைக் கதவுக்கடியில் கிடக்கும். அதைப் படிக்காமல் கிழித்துவிடு. வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன்.

"இதுக்கு மாத்து மருந்து கிடையாதும்மா. குளிர வெச்சு, சலைன் ஏத்திக் காத்திருக்கிறதுதான். நெருப்பு தானா அணையணும்" என்று டாக்டர் சொன்னபோது மாமா வெளியே போய் லாரிக்குப் பின்னால் நின்று அழுதார். உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லிவிட்டேன்.

என்னைக் காப்பாற்ற ஓடி வந்தாய். வந்ததால்தான் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் அந்த ஈரத் தரையில் கிடந்திருப்பாய். உனக்குப் பிடித்த நீல நிறத்தில் தைக்கவில்லை என்று கோபிக்காதே, இந்தப் பார்சலில் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறது. வேலைக்குப் போட்டுக்கொள், மூட்டை தூக்கு, வேர்வை சிந்து. ஒரு மாதம் கழித்துத் துவைக்காமல் அனுப்பு. எனக்கு அந்தக் காலரைப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா


மே 30

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை வார்த்தைக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலம். தூக்கம் வருகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிக்கிறது, ஆனால் ஏறி முடித்ததும் நின்றுவிடுகிறது. கண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பொடி கண்ணையும் கெடுக்குமாம். நீயும் மாமாவும் சுகமா? "லாரிக்குப் பின்னால அழுததைச் சொல்லிட்டா உங்கக்கா" என்று மாமா போனில் என்னிடமே புகார் சொன்னார்.

கதவுக்கடியில் கிடந்த கடிதத்தைப் படித்துவிட்டேன். கிழிக்கவில்லை. "எருமை" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டே போனேன், கடைசிப் பக்கத்தில் "எருமைக்கும் அறிவு உண்டு" என்று அந்தப் பட்டத்தையும் பிடுங்கிவிட்டாய்.

பீரோவின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவன் எப்படிச் செத்தான் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "மழையில எப்படிப்பா வெயில்னு நானும் கேட்டேன், எனக்குப் பைத்தியம்னு சொல்லிட்டாங்க" என்றார். பிறகு இருவரும் சேர்ந்தே போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிச் சீட்டும் உன் டப்பாவும் இருந்ததால் இந்தத் தடவை எழுதியவன் நிமிர்ந்து பார்த்தான். மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஜிம்முக்குப் பூட்டு. அந்தப் பாதுகாப்புக் கம்பெனிக்கு எந்தப் பூட்டும் இல்லை. அடுத்த வருஷமும் ஒட்டிய வயிறு கேட்டு நோட்டீஸ் போடுவார்கள், விற்க இன்னொருவன் வருவான். தெரிகிறது. பூட்டு போட்ட வரைக்கும் நாலு பேர் பிழைத்தார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

போட்டி நடந்த அன்று நான் போகவில்லை. மரச்சாமான் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. உண்மையான பீரோவைத் தூக்குகிறேன். முதல் நாள் ஒன்றைத் தூக்கும்போது அவன் ஞாபகம் வந்து அப்படியே இறக்கி வைத்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர், "என்னப்பா, இவ்ளோ உடம்ப வெச்சுக்கிட்டு" என்றார். மறுபடி தூக்கினேன்.

நீ கேட்ட வெள்ளைச் சட்டை இதோ. துவைக்கவில்லை. பார்சல் ஆபீசில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கினார்கள். கூட மூன்று பழைய சட்டைகளும் இருக்கின்றன. இடுப்பு பற்றவில்லை. பிரித்து விடு.

உன் தம்பி


ஜூன் 7

என் தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஒட்டுப்போட்ட ஸ்டூலுக்கு மாமா இன்னொரு கட்டை வைத்து உயர்த்திவிட்டார். கால் பெடலுக்கு நேராக வருகிறது, முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. சாயங்காலம் இருவரும் நடக்கிறோம். பள்ளிக்கூடத்து வழியாகத்தான். ஆபீஸ் அம்மா பார்த்தால் பார்க்கட்டும்.

மூன்று சட்டையும் பிரித்து விட்டாயிற்று. மடித்து வைத்த துணி அத்தனையும் அப்படியே உள்ளே இருந்தது, கசங்காமல். மறுபடி எப்போது பற்றாது என்று சொல், பக்கத்தில் ஒட்டு வைத்துத் தருகிறேன். ஆனால் தொப்பை போட்டுவிட்டு என்மேல் பழியைப் போடாதே.

வெள்ளைச் சட்டையைப் பிரித்ததும் வீடே நாறியது. ஜன்னலோரம் எடுத்துப்போய்க் காலரைத் திருப்பிப் பார்த்தேன். கருப்பாக, பிசுபிசுவென்று, மூட்டை தூக்குகிறவன் கழுத்து எப்படி இருக்குமோ அப்படி. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "அழுக்கு" என்றார்.

"வெறும் அழுக்குதானே?" என்றேன்.

"வெறும் அழுக்குதான்."

சோப்பு போட்டேன். ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

அக்கா